முப்பத்திரண்டாவது கையெழுத்து

ராய்லி: "அது என் வீட்டுக்காரரோட பூட்ஸ்"னு நான் சொன்னேன். அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

கௌக்கோ: "இல்ல, என்னோடது"ன்னு சொன்னேன்.

ராய்லி: நான் விடலை. "நாப்பத்திநாலாம் நம்பர். இடது குதிகால்ல ஒட்டுப் போட்டிருக்கு. எங்களோடதேதான்"னேன்.

கௌக்கோ: "அந்த ஒட்டைப் போட்டதே நான்தான்"னேன்.

ராய்லி: அப்புறம்?

கௌக்கோ: நீங்க முறைச்சீங்க. "சரி, கொண்டு போங்க"ன்னேன்.

ராய்லி: கொண்டு போயிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தா, தாய்ஸ்தோ தன்னோட பூட்ஸை நடையில கழட்டி வச்சுட்டு உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். இந்த ஊருக்குக் குடி வந்து நாலாவது நாள். அடுத்தவர் பூட்ஸைத் திருடிட்டு வந்து நிக்கறேன்.

கௌக்கோ: எல்லாரும்தான் மாத்தி மாத்தி எடுத்துட்டுப் போனாங்க. பஸ் நிறுத்தம் வரைக்கும் முழங்கால் சேறு. பூட்ஸை அங்கயே கழட்டி வச்சுட்டு, நல்ல ஷூவை மாட்டிக்கிட்டு ஹெல்சின்கிக்கு பஸ் ஏறுவோம். சாயங்காலம் இருட்டுல வந்து இறங்கினா எது யாரோடதுன்னு யாருக்குத் தெரியும்.

ராய்லி: அன்னிக்கு நீங்க நல்ல ஷூவோடயே சேத்துல நடந்து வந்தீங்க.

கௌக்கோ: வேற வழியில்ல.

ராய்லி: திருப்பிக் கொடுக்க எனக்கு வெட்கமாப் போச்சு. அவரோடதைவிட உங்களோடது கதகதப்பா இருக்குன்னு தாய்ஸ்தோ அந்தக் குளிர்காலம் முழுக்க அதையே போட்டார்.

கௌக்கோ: தெரியும். நீங்க நேர் மேல் வீடு. காலையில ஆறே காலுக்குப் படியில இறங்கற சத்தம் கேக்கும். என் பூட்ஸ் சத்தம் எனக்குத் தெரியாதா.

ராய்லி: ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

கௌக்கோ: கேக்கணும்னுதான் இருந்தேன்.

ராய்லி: எப்போ?

கௌக்கோ: பனி உருகட்டும்னு பார்த்தேன். அதுக்குள்ள ரோடு போட்டுட்டாங்க.

ராய்லி: அம்பது வருஷம் ஆகுது, கௌக்கோ.

கௌக்கோ: ஆகுது. இன்னும் கொஞ்சம் காபி?

ராய்லி: வேண்டாம்... சரி, பாதி.

கௌக்கோ: நீங்க பூட்ஸ் கதை பேச வரலை, ராய்லி. பச்சை ஃபைலைக் கொண்டு வந்திருக்கீங்க. அதுமேல பன் தட்டை வச்சு மறைச்சிருக்கீங்க.

ராய்லி: மறைக்கலை. மேஜையில இடமில்ல. எங்க பார்த்தாலும் உங்க காகிதம்.

கௌக்கோ: கையெழுத்தா?

ராய்லி: கையெழுத்துதான். திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கூட்டம், பள்ளிக்கூட சாப்பாட்டுக் கூடத்துல. நாப்பது வீட்டுல முப்பத்திரண்டு வீடு சம்மதிச்சாத்தான் இந்தக் கட்டடத்தை இடிச்சுப் புதுசு கட்டலாம். முப்பத்தி ஒண்ணு சேர்ந்திருக்கு.

கௌக்கோ: ஒண்ணு குறையுது.

ராய்லி: ஒண்ணு குறையுது.

கௌக்கோ: பாவம்.

ராய்லி: யாரு பாவம்?

கௌக்கோ: பொதுவாச் சொன்னேன்.

ராய்லி: மார்ச்லேர்ந்து எட்டு சனிக்கிழமை வந்துட்டேன். எட்டு தடவையும் காபி கொடுத்தீங்க. ஏலக்காய் பன் கொடுத்தீங்க. கையெழுத்து மட்டும் கொடுக்கலை. இன்னிக்குக் காரணத்தைத் தெரிஞ்சுக்காம எழுந்திருக்க மாட்டேன்.

கௌக்கோ: காரணம் சொன்னேனே. சரித்திரம் முடியலை.

ராய்லி: இந்தச் சரித்திரத்தை ஊர்ச் சங்கம் உங்ககிட்ட எப்போ எழுதச் சொல்லுச்சு?

கௌக்கோ: ரெண்டாயிரத்துப் பதிமூணு.

ராய்லி: பன்னிரண்டு வருஷம். "பெல்தோமெக்கி: வயல் முதல் இன்று வரை." இப்ப எந்த வருஷத்துல இருக்கீங்க?

கௌக்கோ: எழுபத்தி நாலு.

ராய்லி: போன வருஷமும் எழுபத்தி நாலுதான்.

கௌக்கோ: எழுபத்தி நாலுல நிறைய நடந்தது.

ராய்லி: என்ன நடந்தது?

கௌக்கோ: நிறையப் பேர் போனாங்க. ஹில்க்கா போனதைச் சொல்றேன்னு நினைக்காதீங்க. அதை எழுதியாச்சு. ஒரே வரி. "அந்த வசந்தத்தில் பதினொரு குடும்பங்கள் வேலை தேடி ஸ்வீடன் சென்றன, அவற்றுள் ஒன்று பாதி மட்டும்."

ராய்லி: ஒரு பெண்டாட்டி போனதுக்கு அவ்வளவுதானா?

கௌக்கோ: முதல்ல முழுக் குடும்பம்னு எழுதினேன். அது தப்பு. நான் போகலையே.

ராய்லி: ஏன் போகலை? அவ கூப்பிட்டான்னு நம்ம கட்டடத்து ஸல்மே சொல்லியிருக்காங்க. கார் தொழிற்சாலை, நல்ல சம்பளம், புது வீடு.

கௌக்கோ: எனக்கு சனிக்கிழமை நாலு மணி கிடைச்சிருந்தது.

ராய்லி: கீழ இருக்கற பொது சௌனாவுல நீராவிக் குளியல் முறைக்காகவா?

கௌக்கோ: ஆறு வருஷம் காத்திருந்து வாங்கினது. அதுவரைக்கும் எனக்கு வியாழக்கிழமை மத்தியானம். வியாழக்கிழமை மத்தியானம் சௌனாவுல உட்கார்ந்து என்ன செய்யறது? சனிக்கிழமையை ஒரு தடவை விட்டா போச்சு.

ராய்லி: இதை அவகிட்ட சொன்னீங்களா?

கௌக்கோ: சொன்னேன். அதுக்கப்புறம்தான் பெட்டியை மூடினா.

ராய்லி: நியாயம்தான்.

கௌக்கோ: நியாயம்தான். கோபமெல்லாம் இல்ல. கிறிஸ்துமஸுக்கு இப்பவும் அட்டை வருது.

ராய்லி: சரி. நான் நினைச்சதைச் சொல்லிடறேன். இந்தச் சுவரெல்லாம் நீங்க வார்த்தது. சிமெண்ட் பலகைத் தொழிற்சாலையில இருந்தீங்க, அப்புறம் நீங்களே வந்து நின்னு அடுக்கினீங்க. அதை இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட மனசு வரலை. அதானே?

கௌக்கோ: சிமெண்ட் பலகைக்கு யாரு அழுவாங்க?

ராய்லி: நீங்க.

கௌக்கோ: நாப்பது வருஷம் தாங்கும்னு சொல்லித்தான் வார்த்தோம். பதினேழு வருஷம் கூடவே ஓடிடுச்சு. உள்சுவத்துல ஜனவரியில பனிக்கட்டி பூக்குது. தண்ணிக் குழாய் மூணு தடவை வெடிச்சாச்சு. லிஃப்ட் கிடையாது. போதாததுக்கு, சி படிக்கட்டுல அஞ்சாம் எண் பலகையையும் ஆறாம் எண் பலகையையும் மாத்தி அடுக்கிட்டோம்.

ராய்லி: என்னது?

கௌக்கோ: அதான் உங்க சமையலறையில அவ்வளவு பெரிய ஜன்னலும், கூடத்துல கையகல ஜன்னலும்.

ராய்லி: அம்பது வருஷமா அது ஏதோ நவீன வடிவமைப்புன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். தாய்ஸ்தோ வர்றவங்ககிட்டயெல்லாம் பெருமையாக் காட்டுவார்.

கௌக்கோ: வெள்ளிக்கிழமை சாயங்காலம். கிரேன்காரர் வீட்டுக்குப் போற அவசரம்.

ராய்லி: சொல்லியிருக்கலாமே.

கௌக்கோ: அவர் அவ்வளவு பெருமையாக் காட்டும்போது எப்படிச் சொல்றது?

ராய்லி: இதையாவது சரித்திரத்துல எழுதியிருக்கீங்களா?

கௌக்கோ: அடிக்குறிப்புல.

ராய்லி: படிங்க பார்ப்போம், முதல்லேர்ந்து. என்னதான் இருக்குன்னு கேக்கறேன்.

கௌக்கோ: "1964: பண்ணைக்காரர் தம்முடைய உருளைக்கிழங்கு வயலை வீடு கட்டும் நிறுவனத்துக்கு விற்றார். கடைசி மாடியில் தமக்கு ஒரு வீடு வேண்டும் என்றும், சாகும்வரை தம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தார். நிறுவனம் ஒப்புக்கொண்டது. அவருடைய ஜன்னலுக்கு நேர் எதிரே பி கட்டடத்தைக் கட்டியது."

ராய்லி: அவர் ஒண்ணும் சொல்லலையா?

கௌக்கோ: திரைச்சீலை வாங்கினார். அதுவும் இருக்கு. "1968: முதல் நான்கு கட்டடங்கள். கடை கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் கடை வண்டி வரும். ரோடு அடுத்த வருஷம் வரும் என்று அறிவிக்கப்பட்டது." அப்புறம் 1969. "ரோடு அடுத்த வருஷம் வரும் என்று அறிவிக்கப்பட்டது." 1970...

ராய்லி: போதும், புரியுது. ஆனா மத்ததெல்லாம் எங்க? கடைத்தெரு வந்தது, வங்கி வந்தது. தொண்ணூறுல எல்லாம் இழுத்து மூடினது. கடை பாரா மாறினது. சோமாலியாவுலேர்ந்து குடும்பங்கள் வந்தது. வங்கி இருந்த இடத்துல பள்ளிவாசல் வந்தது. ரயில் வந்தது. ரயில் வந்தப்புறம் அதே நிறுவனம் மாதிரி இன்னொண்ணு வந்து, "உங்க இடம் ரொம்ப நல்ல இடம்"னு சொன்னது. அவ்வளவையும் எப்போ எழுதப் போறீங்க?

கௌக்கோ: குறிப்பு இருக்கு. பள்ளிவாசல் வாசல்ல வெள்ளிக்கிழமை நூறு ஜோடி செருப்பு. நின்னு பார்த்திருக்கேன். ஒருத்தர்கூட மாத்தி எடுத்துட்டுப் போறதில்ல.

ராய்லி: அதையும் எழுதுங்க. எழுபத்தஞ்சைத் தாண்டினா எழுதலாம்.

கௌக்கோ: அந்தக் காகிதத்தை எடுக்காதீங்க.

ராய்லி: ஏன்? "1975"னு போட்டிருக்கு. இதானே அடுத்தது.

கௌக்கோ: அது சரியா வரலை. கொடுங்க.

ராய்லி: கண்ணாடி எங்க... "1975: காலியான பத்து வீடுகளுக்கும் புதிய குடும்பங்கள் வந்தன." நல்லாத்தானே இருக்கு. ஏன் அடிச்சீங்க?

கௌக்கோ: உண்மைதான். ஆனா சரியில்ல.

ராய்லி: கீழ இன்னொண்ணு. "1975: காலியான பத்து வீடுகளில் ஒன்பதுக்குப் புதிய குடும்பங்கள் வந்தன. சி படிக்கட்டு, மூன்றாம் மாடிக்கு..." இதையும் அடிச்சிருக்கு. அதுக்குக் கீழ, "சி படிக்கட்டு, மூன்றாம் மாடிக்கு, செப்டம்பர் மாதம்..." அதுவும் அடிச்சிருக்கு.

கௌக்கோ: கொடுங்க, ராய்லி.

ராய்லி: மூணாம் மாடிக்கு வந்தது நாங்க.

கௌக்கோ: ஆமா.

ராய்லி: ஒன்பது வீட்டுக்கு ஒரே வரி. எங்களுக்கு மட்டும் ஏன் தனி வரி?

கௌக்கோ: அதான் சொன்னேனே, சரியா வரலைன்னு.

ராய்லி: ...பன் நல்லா இருக்கு.

கௌக்கோ: கடையில வாங்கினது.

ராய்லி: சரி, விடுங்க. நடக்க வேண்டியதைப் பேசுவோம். புதுக் கட்டடத்துல லிஃப்ட் உண்டு. என் வீடு வரைக்கும் மாடி ஏறறதுக்குள்ள நான் மூணு தடவை நின்னு மூச்சு வாங்கறேன். நீங்களே கதவைத் திறந்து பார்த்திருக்கீங்க. வீட்டுக்கு வீடு தனி சௌனா. யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

கௌக்கோ: வரைபடத்துல பார்த்தேன். துணி அலமாரி அளவு.

ராய்லி: ஒரு ஆளுக்கு எவ்வளவு வேணும்?

கௌக்கோ: தனியா உட்கார்ந்துட்டுத் தனியா எழுந்து போறதுக்குப் பேர் சௌனா இல்ல.

ராய்லி: இப்ப மட்டும் என்ன, நாலு மணிக்குத் தனியாத்தானே உட்கார்றீங்க?

கௌக்கோ: அஞ்சு மணிக்குக் கதவு தட்டற சத்தம் கேக்கும். அடுத்த முறைக்காரங்க யாராவது தட்டுவாங்கன்னு சொல்ல வந்தேன்.

ராய்லி: தாய்ஸ்தோ போய் ஒன்பது வருஷமா நான் ஒருத்திதான் தட்டறேன்.

கௌக்கோ: ஆமா. அந்த "யாராவது"தான்.

ராய்லி: நீங்க அஞ்சு மணி வரைக்கும் இருக்கறதில்ல. பத்து நிமிஷம் முன்னாடியே வெளிய வந்து, அடுப்புல கட்டையை நிரப்பி, வாளியில தண்ணி பிடிச்சு வச்சுட்டு, அந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்கீங்க.

கௌக்கோ: சூடு அதிகம். வயசாச்சு.

ராய்லி: அறுபது வயசுலயும் அப்படித்தான் செஞ்சீங்க.

கௌக்கோ: கட்டட வேலை எப்போ ஆரம்பிக்கறாங்க?

ராய்லி: பேச்சை மாத்தாதீங்க... செப்டம்பர்ல. எல்லாரும் ஆகஸ்டுக்குள்ள காலி பண்ணணும். கட்டி முடிக்க ரெண்டு வருஷம்.

கௌக்கோ: அந்த ரெண்டு வருஷம் நீங்க...

ராய்லி: ஔலுதான். என் பொண்ணு துய்யா வீடு. உடற்பயிற்சிக்கு ஓடற மிஷின் இருந்த அறையைக் காலி பண்ணிட்டா, கட்டில் போட்டுட்டா. திரை என்ன நிறம் வேணும்னு வாராவாரம் கேக்கறா.

கௌக்கோ: நல்ல பொண்ணு.

ராய்லி: நல்ல பொண்ணுதான்.

கௌக்கோ: ஔலு அறுநூறு கிலோமீட்டர்.

ராய்லி: அறுநூத்திப் பத்து.

கௌக்கோ: ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பி வருவீங்களா?

ராய்லி: எழுபத்திநாலு வயசுக்காரி ரெண்டு வருஷம் பொண்ணு வீட்டுல இருந்துட்டுத் திரும்பி வந்ததா உங்க சரித்திரத்துல எங்கயாவது இருக்கா?

கௌக்கோ: ...இல்ல.

ராய்லி: அப்போ தெரிஞ்சுக்கங்க.

கௌக்கோ: கதவைத் தட்டறாங்க.

ராய்லி: நீங்க உட்காருங்க, நான் திறக்கறேன்... வாங்க ஸல்மே. என்ன இது, மூச்சு வாங்குது?

ஸல்மே: அவன் உயிரோட இருக்கானா?

ராய்லி: யாரு?

ஸல்மே: கௌக்கோ. மணி நாலு பத்து. கீழ சௌனா காலியாக் கிடக்குது. அடுப்பு மூட்டலை. இந்தக் கட்டடத்துல அம்பத்தேழு வருஷமா இருக்கேன், சனிக்கிழமை நாலு மணிக்கு அந்த அறை காலியா இருந்து பார்த்ததில்ல. கட்டாயம் போய்ச் சேர்ந்துட்டான்னு, மாற்றுச் சாவியோட வந்திருக்கேன்.

கௌக்கோ: இருக்கேன், ஸல்மே.

ஸல்மே: தெரியுது. ஏமாத்திட்டே. என்ன, காபியா?

கௌக்கோ: ஊத்தட்டுமா?

ஸல்மே: வேணாம், என் டிராமா வர்ற நேரம். நீயும் இங்கதான் இருக்கியா, ராய்லி? இன்னும் போட மாட்டேங்கறானா?

ராய்லி: பேசிக்கிட்டு இருக்கோம்.

ஸல்மே: இவன்கிட்ட என்ன பேச்சு. இங்க பாரு கௌக்கோ, ஓட்டு எண்றவ நான். சம்மதம்னு எழுதின முப்பத்தி ஒரு கடிதமும் என் அலமாரியில, கரண்டிக்குப் பக்கத்துல இருக்கு. ஏழு பேர் முடியாதுன்னு எழுதியே கொடுத்துட்டாங்க. அதுவும் பக்கத்துலயே இருக்கு. மிச்சத்தை ராய்லி பார்த்துக்கறேன்னா. எண்பத்தி மூணு வயசுல இன்னொரு குளிர்காலம் அந்தப் பனிச் சுவரோட நான் படுக்க முடியாது. போட்டுத் தொலை.

கௌக்கோ: யோசிக்கறேன்.

ஸல்மே: இவன் யோசிச்சுத்தான் ஹில்க்கா போனா. நான் வர்றேன். சௌனாவுக்குப் போகலைன்னா அந்த நாலு மணியை எனக்குக் கொடுத்துடு.

கௌக்கோ: கொடுக்க மாட்டேன்.

ஸல்மே: அப்போ நல்லாத்தான் இருக்கான். கதவைச் சாத்திக்க, ராய்லி.

ராய்லி: ...போயிட்டாங்க.

கௌக்கோ: முப்பத்தி ஒண்ணும் ஏழும் முப்பத்தெட்டு.

ராய்லி: காபி ஆறிப்போச்சு. சூடு பண்ணட்டுமா?

கௌக்கோ: வீடு நாப்பது.

ராய்லி: ஆமா, நாப்பது.

கௌக்கோ: போடாதது நான் ஒருத்தன்.

ராய்லி: ஆமா.

கௌக்கோ: அது முப்பத்தொன்பது.

ராய்லி: பலகையை மாத்தி அடுக்கினவருக்கு இன்னிக்கு எண்ணிக்கை மட்டும் சரியா வருது.

கௌக்கோ: நாப்பதாவது யாரு?

ராய்லி: மூணாம் மாடி.

கௌக்கோ: எந்தப் படிக்கட்டு?

ராய்லி: சி.

கௌக்கோ: சி படிக்கட்டு மூணாம் மாடியில ஒரே வீடுதான்... ராய்லி, நீங்க கட்டடச் சங்கத் தலைவி.

ராய்லி: தெரியும்.

கௌக்கோ: உங்களோடதைச் சேர்த்தா முப்பத்திரண்டு. மார்ச்லயே முடிஞ்சிருக்கும். என் கையெழுத்தே வேண்டாம்.

ராய்லி: வேண்டாம்தான்.

கௌக்கோ: பின்ன எதுக்கு எட்டு சனிக்கிழமை? காபிக்கா?

ராய்லி: உங்க காபி தார் மாதிரி இருக்கும். காபிக்கு யாரு வருவா... கட்டடம் முழுக்க ஏறி இறங்கி எல்லார்கிட்டயும் நான்தான் பேசி வாங்கினேன். பொய் ஒண்ணும் சொல்லலை. ஸல்மேவுக்கு நல்லது. சின்னக் குழந்தை இருக்கறவங்களுக்கு நல்லது. என் முட்டிக்கு நல்லது. எல்லாருக்கும் நல்லதுதான். என் காகிதத்தை எடுத்து வச்சு பேனாவைத் திறந்தா மட்டும், அந்த மிஷின் அறை கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்குது.

கௌக்கோ: அதுக்கு நான் என்ன...

ராய்லி: இருங்க, சொல்லி முடிச்சுடறேன். இனிமே இப்படி வராது. நான் போடறதா வேண்டாமான்னு தெரியலை. சரி, இந்த மனுஷன்கிட்ட கேப்போம்னு நினைச்சேன். இவர் போட்டுட்டா, நான் போறதுல இவருக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். துய்யாகிட்ட திரைக்கு நிறம் சொல்லிடலாம். போடலைன்னா... போடலைன்னா என்ன அர்த்தம்னு நான் யோசிக்கவே இல்ல. முதல் வாரமே போட்டுடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க போடலை. ரெண்டாவது வாரமும் போடலை. ஒவ்வொரு சனிக்கிழமையும், இன்னிக்கும் போட மாட்டார்தானேன்னு பார்க்கத்தான் வந்துக்கிட்டு இருந்தேன். இப்ப நீங்க ஏதாவது சொல்லலாம்.

கௌக்கோ: பேனா இருக்கா?

ராய்லி: எதுக்கு?

கௌக்கோ: ஃபைலைக் கொடுங்க. பன் தட்டை அந்தப் பக்கம் வைங்க. எங்க போடணும், இங்கயா?

ராய்லி: கௌக்கோ, நான் இப்ப சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?

கௌக்கோ: விழுந்துச்சு. தேதி இருபத்தாறுதானே?

ராய்லி: ...இருபத்தாறு.

கௌக்கோ: பேரைப் பெரிய எழுத்துல எழுதணுமா?

ராய்லி: எப்படி வேணும்னாலும் எழுதுங்க.

கௌக்கோ: ஆச்சு.

ராய்லி: போட்டுட்டீங்க.

கௌக்கோ: போட்டுட்டேன். முப்பத்திரண்டு.

ராய்லி: சரி. தெளிவாப் போச்சு. நல்லதுதான். நான்... ஸல்மேகிட்ட கொடுத்துட்டு அப்படியே துய்யாவுக்கு போன் பண்ணிடறேன். கோட்டு எங்க வச்சேன்?

கௌக்கோ: நீங்க கோட்டுப் போட்டுக்கிட்டு வரலை. ஒரு மாடி இறங்கித்தானே வந்தீங்க. உட்காருங்க.

ராய்லி: உட்கார்ந்தது போதும்.

கௌக்கோ: ராய்லி. கட்டடம் போகட்டும்னுதான் போட்டேன். உங்களைப் போங்கன்னு போடலை. உட்காருங்க. நான் இதை நின்னுக்கிட்டே சொன்னா விழுந்துடுவேன்.

ராய்லி: ...உட்கார்ந்துட்டேன்.

கௌக்கோ: ரயில் நிலையத்துக்குப் பின்னாடி புதுசா மூணு கட்டடம் வந்திருக்கே. அதுல ஒரு வீடு பார்த்தேன். வாடகைக்கு, ரெண்டு வருஷத்துக்கு. ரெண்டாம் மாடி, லிஃப்ட் உண்டு. ரெண்டு படுக்கையறை, நடுவுல சமையலறை. ஜன்னலெல்லாம் இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. நான் அளந்து பார்த்தேன்.

ராய்லி: எப்போ பார்த்தீங்க?

கௌக்கோ: பிப்ரவரில.

ராய்லி: பிப்ரவரில கூட்டத்துக்கு நோட்டீஸே போடலை.

கௌக்கோ: கட்டடத்தை இடிக்கப் போறதை நீங்க படியில ஸல்மேகிட்ட சொல்லிக்கிட்டே இறங்கினீங்க. அன்னிக்கு சாயங்காலமே போய்ப் பார்த்தேன்.

ராய்லி: வீட்டைப் பார்த்துட்டு வந்து, மார்ச்லேர்ந்து எட்டு வாரம் கையெழுத்துப் போட மாட்டேன்னு உட்கார்ந்திருந்தீங்க.

கௌக்கோ: போட்டா நீங்க ஔலுக்கு டிக்கெட் எடுத்துடுவீங்க. அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு பேசிடணும்னு இருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் காபி போடும்போது சரியா வரும். நீங்க வந்து உட்கார்ந்ததும் வராது.

ராய்லி: ரெண்டு படுக்கையறை.

கௌக்கோ: ஆமா.

ராய்லி: உங்களுக்கு எதுக்கு ரெண்டு படுக்கையறை? காகிதத்துக்கா?

கௌக்கோ: காகிதம் சமையலறையில இருந்துக்கும். அந்த வீட்டுக்காரம்மா நேத்து போன் பண்ணினாங்க. பேர்ப் பலகை அடிக்கக் கொடுக்கறாங்களாம். கதவுல என்ன பேர் போடணும்னு கேட்டாங்க. என் பேரைச் சொன்னேன். வேற பேர் உண்டான்னு கேட்டாங்க.

ராய்லி: என்ன சொன்னீங்க?

கௌக்கோ: திங்கட்கிழமை சொல்றேன்னேன்.

ராய்லி: திங்கட்கிழமை என்ன சொல்லப் போறீங்க?

கௌக்கோ: எனக்குத் தெரியாது. அது என் கையில இல்ல.

ராய்லி: கௌக்கோ, நானே சொல்லிடுவேன்னு பார்க்காதீங்க. என் பங்கை நான் சொல்லியாச்சு. இன்னிக்கு நீங்க வாயைத் திறந்து கேட்டாத்தான் உண்டு.

கௌக்கோ: ...ஔலுக்குப் போகாதீங்க, ராய்லி. எழுபத்தஞ்சு செப்டம்பர்லேர்ந்து இந்த ஊர்ல நடந்ததுல எனக்கு முக்கியமானது நீங்க ஒருத்தர்தான். அதை எப்படி எழுதறதுன்னு தெரியாமத்தான் பன்னிரண்டு வருஷமா அந்த இடத்துலயே நிக்கறேன். என்கூட வந்து இருங்க. அந்தக் கதவுல உங்க பேரையும் போடச் சொல்லட்டுமா?